மேட்டுப் பாதையில் முளைத்த புல்

கைவோமாகி
1 ஜூலை 1997

கெர்ட்டு,

ஞாயிற்றுக்கிழமை ஏரிவீட்டுக்குப் போனேன். கையில் ஒரு டின் தார், புதுத் தூரிகை இரண்டு. நடுக்கோடைத் திருநாள் வாரம் முழுவதும் முதுகு பிடித்துக்கொண்டு நான் கட்டிலில் கிடந்தது உனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வருடம் உங்களோடு திருநாளுக்கு வரவில்லை. எழுந்து நடக்க முடிந்த முதல் நாளே கிளம்பினேன், அப்பாவின் படகுக்குத் தார் பூச.

படகு இல்லை.

யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கரையோரமாக நாணல் வரை நடந்து தேடினேன். எதிர்க்கரை உந்தோ வலை எடுத்துக்கொண்டிருந்தான். துடுப்பை நிறுத்திவிட்டுக் கத்தினான்.

“என்ன ஓர்வோ, எதைத் தேடுறே?”

“படகை.”

“அட, உனக்குத் தெரியாதா? உன் தங்கச்சி வீட்டுல சொக்கப்பனைக்கு வெச்சுட்டாங்கப்பா. என்னமா எரிஞ்சுது தெரியுமா. இந்த ஏரியிலயே அதுதான் பெரிய நெருப்பு. நாங்கள்லாம் இந்தப் பக்கம் நின்னு கை தட்டினோம்.”

கை தட்டினார்களாம்.

பாறையில் சாம்பலைக் கிளறினேன். செம்பு ஆணிகள் கிடைத்தன. வேறு எதுவும் மிஞ்சவில்லை. அப்பா அந்தப் படகைக் கட்டும்போது, அவர் வெளியிலிருந்து ஆணி அடிக்க, உள்பக்கம் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். நீ அப்போது கரையில் மண் தின்றுகொண்டிருந்தாய்.

ஏரிவீடு நம் இருவர் பெயரிலும் பிரிக்காமல் இருக்கிறது. ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் அதில் எதையும் செய்யக் கூடாது என்பது சட்டம். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்துவிட்டேன். நீ செய்துவிட்டாய். சரி. இனி இப்படி இருக்கட்டும். பனி உருகுவதிலிருந்து திருநாள் வரை என் காலம். திருநாளிலிருந்து ஜூலை முடிய உன் காலம். ஆகஸ்டிலிருந்து மறுபடி என் காலம். நான் இருக்கும்போது நீ வராதே. நீ இருக்கும்போது நான் வரமாட்டேன். என் சம்மதம் கேட்டு எந்தக் காகிதத்தையும் அனுப்பாதே. பதில் இப்போதே சொல்லிவிடுகிறேன். முடியாது.

ஓர்வோ


லஹ்தி
9 ஜூலை 1997

அண்ணா,

போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். மூன்றாவது தடவை மின்னாவை விட்டுப் பேசச் சொன்னேன். அவள் “மாமா, நான் மின்னா” என்றதும் அதையும் வைத்துவிட்டாய். என் பெண் உனக்கு என்ன பண்ணினாள்? ஆகவே எழுதுகிறேன். எழுத்தை வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் படி.

படகை அந்தப் பாறைக்கு இழுத்துக்கொண்டு போனது யார்? நீ. மே மாதம் நீயேதான் உருளைக்கட்டை போட்டு இழுத்துப் போய்க் கவிழ்த்து வைத்தாய். அந்தப் பாறையில் நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரே ஒரு காரியம்தான் நடக்கிறது. திருநாளன்று சொக்கப்பனை. நாங்கள் வந்து பார்க்கிறோம். ஒரு கிழட்டுப் படகு, அந்தப் பாறையின் மேல், ஜூன் மாதத்தில். இந்த ஏரிகளுக்கு நடுவே பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லும். மருமகன் சமுலி, படகு நன்றாக இருக்கிறதா என்று மிதித்துப் பார்த்தான். கால் பலகையைத் துளைத்துக்கொண்டு முட்டி வரை உள்ளே போயிற்று.

அப்பாவின் முதல் படகு எப்படிப் போயிற்று? அதே பாறையில், அதே நாளில். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடுப்பு விறகாக வெட்டிப் போடுவதும் கரையில் கிடந்து மட்குவதும் படகுக்கு அவமானம் என்று அவர்தான் சொன்னார். இந்தத் தடவையும் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நின்றோம், அண்ணா. மின்னாவின் சின்னவள்கூடச் சும்மா நின்றாள். விளையாட்டுக்குக் கொளுத்தவில்லை.

நீ வரவில்லை. முதுகு வலி என்று சொல்லி அனுப்பினாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உனக்குப் பார்க்க மனசு வரவில்லை, அதற்கு முதுகைச் சாக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். மின்னாவிடம்கூடச் சொன்னேன், “உங்க மாமாவுக்கு வாய் திறந்து கேக்க வராது, இப்படிச் சாடையாத்தான் சொல்லுவார்” என்று. உன்னைப் புரிந்துகொண்டுவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தப்பாகப் புரிந்துகொண்டேன். அதற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் எரித்ததற்கு அல்ல. அந்தப் படகு செத்துப்போய் வெகு நாளாயிற்று.

கெர்ட்டு


கைவோமாகி
15 ஜூலை 1997

கெர்ட்டு,

இந்த ஏரிவீட்டு மனையில் காலையிலிருந்து ராத்திரி பத்து மணி வரை வெயில் படுகிற ஒரே இடம் அந்தப் பாறை. மரம் காய்ந்து சூடேறினால்தான் தார் உள்ளே இறங்கும். அதற்காகத்தான் இழுத்துப் போனேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சமையல் சொல்லிக்கொடுத்தவள் நீ. அடுப்பில் ஒரு பானை இருந்தால் உள்ளே என்ன வேகிறது என்று கேட்காமல் கீழே கொட்டிவிடுவாயா?

பலகையில் சமுலி கால் விட்டான் என்கிறாய். சமுலியின் எடைக்குப் பாலம்கூட உடையும். ஒரு பலகை மாற்ற வேண்டியிருந்தது. நான் மாற்றியிருப்பேன்.

என் முதுகு வலியைச் சாக்கு என்று சொன்ன முதல் ஆள் நீ. முப்பத்தொரு வருடம் நகராட்சிக்குச் சாலை சமன் செய்யும் இயந்திரம் ஓட்டிய முதுகு இது. அதற்குச் சாக்கு தேவையில்லை.

என் காலம், உன் காலம் என்று எழுதியது அப்படியே இருக்கிறது.

ஓர்வோ


கைவோமாகி
27 டிசம்பர் 1997

கெர்ட்டு,

கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. அதன் முகப்பில் படகு படம் போட்டிருக்கிறது. இது வேண்டுமென்று செய்ததா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஓர்வோ


லஹ்தி
3 ஜனவரி 1998

அண்ணா,

அது பனிச்சறுக்கு வண்டி. முன்னால் குதிரை நிற்கிறது, பார். கண்ணாடியை மாற்று.

புத்தாண்டு வாழ்த்துகள்.

கெர்ட்டு


லஹ்தி
12 மார்ச் 1998

அண்ணா,

காகிதம் அனுப்பாதே என்று சொன்னாய். அனுப்புகிறேன். இந்தக் கோடையில் எதிர்க்கரையில் உந்தோ வீட்டுக்கு மின்சாரம் இழுக்கிறார்கள். கம்பம் நம் சாலையைத் தாண்டித்தான் போகிறது. இப்போது சேர்ந்துகொண்டால் நமக்கும் கிடைக்கும். பிறகு என்றால் அவர்கள் திரும்ப வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மின்சாரம் வந்தால் பம்பு போடலாம். பம்பு வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரும், தண்ணீர் வந்தால் பின்னறையில் ஒரு கழிப்பறை வைக்கலாம். சமுலி வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறான். குளிக்கிற சௌனாவைத் தொடமாட்டோம். அது விறகிலேயே இருக்கட்டும். உன் எண்ணெய் விளக்குகளையும் தொடமாட்டோம். நீ இருக்கும் மாதங்களில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொள், யார் கேட்கப் போகிறார்கள்.

இரண்டு கையெழுத்து வேண்டும். என்னுடையதைப் போட்டுவிட்டேன். பென்சிலால் குறியிட்ட இடத்தில் நீ போட வேண்டும். மின்னாவின் குழந்தைகளுக்குப் பால் கெடாமல் இருக்க ஒரு குளிர்ப்பெட்டி வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

கெர்ட்டு


கைவோமாகி
2 ஏப்ரல் 1998

கெர்ட்டு,

காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பென்சில் குறியை அழித்துவிட்டேன்.

பால் கெடாமல் இருக்கக் கிணற்றுக்குள் கயிறு கட்டி இறக்கினால் போதும். நாம் அப்படித்தான் வளர்ந்தோம். மின்சாரம் வந்தால் குளிர்ப்பெட்டி வரும். குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் சமுலியின் டிவி வரும். பிறகு ஏரியை யார் பார்ப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன ஆகஸ்டில் உன் காலம் முடிந்து நான் போனபோது வீடு இருந்த லட்சணத்தைச் சொல்கிறேன். வருகிறவர் தீக்குச்சி கிழித்தால் போதும் என்கிற மாதிரி சௌனா அடுப்பில் விறகு அடுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இது அப்பா வைத்த பழக்கம். அடுக்கியிருந்தீர்கள், ஆனால் ஈர விறகு. அதைக்கூட விடு. பின்னால் மேட்டுக்குக் கழிப்பறைக்குப் போகிற பாதையில் புல் முழங்கால் உயரம் நின்றது. நடுவில் புளூபெர்ரிச் செடி முளைத்திருந்தது. ஐந்து பேர் மூன்று வாரம் தங்கின இடத்தில் அந்தப் பாதையில் ஒருத்தரும் நடக்கவில்லை. பின் ஒவ்வொரு நாளும் எங்கே போனீர்கள்? சௌனாவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து ஒளித்து வைத்திருந்ததையும் பார்த்தேன். நகரத்துக்காரர்களுக்குப் பத்தடி மேடு ஏறக் கால் வலிக்கிறதா? சோம்பேறித்தனத்துக்குக் கம்பம் நட்டு வழி பண்ணச் சொல்கிறாய்.

முடியாது.

ஓர்வோ


லஹ்தி
8 ஏப்ரல் 1998

அண்ணா,

பாதையில் ஏன் புல் முளைத்தது என்று கேட்டாய். சொல்கிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ வாளி வரைக்கும் போய்விட்டாய்.

மின்னாவும் சமுலியும் குழந்தைகளும் காட்டுக்குள் போனார்கள், குழந்தைகளுக்கு அது விளையாட்டு. அந்தப் பாதையில் நடக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். நான் நடக்கவில்லை. வாளி என்னுடையது.

என் இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. சமதரையில் கம்பு ஊன்றி நடக்கிறேன். அந்த மேட்டில் வேர்களும் உருண்டைக் கல்லும்தான், உனக்கே தெரியும். போன வருடம் வந்த முதல் நாள் ஏறிப் பார்த்தேன். ஏறினேன். இறங்க முடியவில்லை. அங்கேயே ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொசு மொய்த்தது. கூப்பிட வெட்கம். சமுலிதான் எதற்கோ அந்தப் பக்கம் வந்தவன் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் எடையைப் பற்றி நீ எழுதினாயே, அந்த எடைதான் என்னைத் தூக்கியது.

அப்புறம் வாளிதான். ஒவ்வொரு காலையும் மின்னா அதை எடுத்துப் போவாள். அவள் முகம் சுளிக்கமாட்டாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுப்பாள். “ராத்திரி ஏரியில குயிக்கா பறவை கத்துச்சே, கேட்டியாம்மா?” என்பாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு “கேட்டேன்” என்பேன். நான் பெற்ற பெண். அவளுக்கு நான் செய்ததுதான், தெரியும். ஆனாலும் மூன்று வாரம், அண்ணா.

சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து உன்னைத்தானே எழுப்புவேன். மேட்டுக் கழிப்பறையில், இரண்டு ஓட்டை போட்ட அந்தப் பலகையில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “சீக்கிரம் முடிடி, தூக்கம் வருது” என்று திட்டிக்கொண்டே இருப்பாய். ஆனால் நான் எழுந்திருக்கும் முன் நீ எழுந்ததில்லை. அந்த ஆளிடம் போய் இதை எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் கோபம்.

அறுவை செய்யலாமா என்று கேட்டேன். இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக இது இப்படியேதான் இருக்கும், இதைவிட மோசமாகவும் போகும். வீட்டுக்குள் கழிப்பறை இல்லாமல் இனி நான் ஏரிவீட்டுக்கு வரமுடியாது. வாளியோடு இன்னொரு கோடை இருக்கமாட்டேன், அதற்கு லஹ்தியில் உட்கார்ந்து கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா கட்டின வீட்டுக்கு எழுபது வயதில் நான் போவதா வேண்டாமா என்பது உன் ஒரு கையெழுத்தில் இருக்கிறது.

காகிதத்தை மறுபடி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பேனாவால் குறியிட்டிருக்கிறேன்.

கெர்ட்டு


கைவோமாகி
20 ஏப்ரல் 1998

கெர்ட்டு,

இடுப்பு விஷயத்தைப் போன கோடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். படகை எரிக்கவும் கேட்கவில்லை, இதையும் சொல்லவில்லை. பிறகு நான் எதை அறிந்து என்ன செய்வது?

கையெழுத்துப் போடமாட்டேன். மின்சாரம் வேண்டாம் என்று சொன்னேன், வேண்டாம்தான்.

உட்காரும்போது உன் முழங்கால் எவ்வளவு மடங்கும்? எந்தப் பக்க இடுப்பு? கம்பை எந்தக் கையில் பிடிக்கிறாய்? பதில் எழுது. வேறு எதுவும் எழுதத் தேவையில்லை.

இந்த வருடம் திருநாளுக்கு முந்தின நாள் வரை அந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது. மின்னாவையும் அனுப்பாதே. எனக்கு அங்கே வேலை இருக்கிறது.

ஓர்வோ


லஹ்தி
27 ஏப்ரல் 1998

அண்ணா,

இடது இடுப்பு. கம்பு வலது கையில். முழங்கால் பாதிதான் மடங்கும். தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும்.

இதெல்லாம் எதற்கு? டாக்டரிடம் கேட்டு எழுதியனுப்பு என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறதா? நான் பொய் சொல்கிறேன் என்று சோதிக்கிறாயா? ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு விசாரணை நீதிமன்றத்தில்கூட இருக்காது.

மின்சாரக் கம்பெனிக்கு மே கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

கெர்ட்டு


லஹ்தி
4 ஜூன் 1998

அண்ணா,

மே கடைசி போய்விட்டது. அவர்கள் கம்பத்தை நட்டுக்கொண்டு போயே போய்விட்டார்கள். நேற்று உந்தோ போன் செய்து சொன்னான். அவன் வீட்டில் விளக்கு எரிகிறதாம். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

அதோடு விடவில்லை அவன். “உங்க அண்ணன் தினமும் வர்றாரு. கரையிலேயே, வீட்டுக்கு முன்னாடி, என்னமோ கட்டுறாரு. சௌனாவைவிடச் சின்னது. என்னன்னு கேட்டேன். ‘உன் வேலையைப் பாரு, உனக்குத்தான் இப்ப லைட் வந்துடுச்சே’ன்னு சொல்லிட்டாரு” என்றான்.

என்ன கட்டுகிறாய்? படகுக் கொட்டகையா? படகே இல்லாமல் கொட்டகையா? என்னைத் தினமும் குத்திக்காட்ட ஒரு வெறும் கொட்டகை கட்டி நிறுத்துகிற ஆள்தான் நீ. ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் எதையும் செய்யக் கூடாது என்று சட்டம் சொன்னது நீதானே? என் சம்மதத்தை எப்போது கேட்டாய்?

நான் வருவதாக இல்லை. மின்னாவும் குழந்தைகளும் மட்டும் திருநாளுக்கு வருவார்கள். நீ ஜெயித்துவிட்டாய். அந்தக் கொட்டகைக்குள் உட்கார்ந்து கொண்டாடு.

கெர்ட்டு


கைவோமாகி
10 ஜூன் 1998

கெர்ட்டு,

சட்டத்தில் அந்தப் பிரிவை முழுக்கப் படித்தேன். நிலத்தில் ஊன்றியதற்குத்தான் சம்மதம் வேண்டும். நான் ஊன்றவில்லை. நான்கு கல்லின் மேல் வைத்திருக்கிறேன். சட்டப்படி அது ஒரு மேசை மாதிரி.

நீ வர வேண்டும். நீ வராவிட்டால் அது அங்கே நிற்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. நானே உடைத்துப் போடுவேன், ஒரு மாத வேலை வீணாகும்.

சாவி உந்தோவிடம் இருக்கிறது. முன்பக்கமாக இறங்கு. பின்பக்கம் போகாதே.

ஓர்வோ


ஏரிவீடு
23 ஜூன் 1998

அண்ணா,

வந்தேன். காரிலிருந்து இறங்கி, உன் கொட்டகையைப் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்தபடி முன்பக்கமாகவே போனேன். போய் உள்ளே உட்கார்ந்து, ஒரு வருடமாக எதற்கு ஏங்கினேனோ அந்த ஜன்னலைத் திறந்தேன்.

ஏரியைக் காணோம். ஒரு கக்கூஸ் தெரிந்தது.

அம்மா காலமெல்லாம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்த ஜன்னல் அது. தீவும் தெரியும், சாயங்காலம் சூரியன் இறங்குவதும் தெரியும். அதற்கு நட்டநடுவில் கொண்டுவந்து ஒரு கக்கூஸை நிறுத்தியிருக்கிறாய். சிவப்பு வர்ணம் வேறு. இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான ஏரிவீடு இருக்கிறது, ஒரு பைத்தியக்காரனாவது முன்வாசலில், ஏரிக்கும் வீட்டுக்கும் நடுவில், இதைக் கட்டியிருப்பானா? சமுலி பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். “உங்கண்ணன் படகுக்குப் பழி வாங்கிட்டாரு அத்தை” என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாள் பூராவும் அதற்குள் போகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை.

போனேன். வாசற்படியிலிருந்து அது வரை பலகை போட்டிருக்கிறாய். ஒரு இடத்தில்கூட ஏற்றமோ இறக்கமோ இல்லை. இரண்டு பக்கமும் கைப்பிடி, வலப்பக்கம் கம்புக்கு இடம் விட்டு. உள்ளே உட்காரும் பலகை உயரம். சின்னவள் உட்கார்ந்தால் கால் தொங்குகிறது. நான் உட்கார்ந்தேன். நானே எழுந்தேன். யாரும் தூக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்து பார்த்தேன், சரிதானா என்று.

மூன்றாவது தடவை உட்கார்ந்தபோதுதான் கதவைக் கவனித்தேன். வெளிப்பக்கம் முழுக்கத் திறந்து சுவரில் கொக்கி மாட்டுகிற மாதிரி வைத்திருக்கிறாய். மாட்டினேன். ஏரி முழுவதும் அங்கே இருந்தது. குயிக்கா ஒன்று குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு போயிற்று. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மின்னா பலகையில் நடந்து வருகிற சத்தம் கேட்டது.

“அம்மா, உள்ளே உயிரோடதான் இருக்கியா?”

“போடி அந்தப் பக்கம். காத்து வாங்கறேன்.”

“கக்கூஸ்லயா?”

“உங்க மாமாகிட்டப் போய்க் கேளு.”

இது நன்றிக் கடிதம் என்று நினைத்துவிடாதே. பத்தடி இடப்பக்கம் தள்ளி வைத்திருந்தால் இதே ஏரி, இதே பலகை, ஜன்னலும் தப்பித்திருக்கும். நான்கு கல்லின் மேல் வைத்த மேசைதானே? நகர்த்து. சமுலியும் ஒரு கை பிடிப்பான். படகு விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

உள்ளே இருக்கும் தொட்டியை எப்படி எடுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மின்னா முயற்சி செய்தாள், அசையவில்லை. அதையும் எழுது.

கெர்ட்டு


கைவோமாகி
26 ஜூன் 1998

கெர்ட்டு,

நகர்த்தமாட்டேன். மட்டம் பார்க்கும் குழாயை வைத்துக் கரை முழுவதும் அளந்தேன். உன் வாசற்படியும் தரையும் ஒரே மட்டத்தில் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். பத்தடி இடப்பக்கம் போனால் ஒரு படி வைக்க வேண்டும். இன்றைக்கு அந்தப் படியை நீ ஏறிவிடுவாய். இன்னும் மூன்று வருடத்தில் ஏறமாட்டாய். நான் மூன்று வருடத்துக்குக் கட்டவில்லை.

ஜன்னலைப் பற்றி. ஜன்னல் நகராது, அதுவும் நகராது. உன் நாற்காலியை நகர்த்து.

உட்காரும் உயரத்துக்கு இங்கே முதியோர் இல்லத்துக்குப் போய் அளவெடுத்தேன். அங்கிருந்த நர்ஸ் பெண் “யாருக்குங்க, உங்களுக்கா?” என்று கேட்டாள். “இல்லை, என்னோட சண்டையில் இருக்கிற ஒருத்திக்கு” என்றேன். அவள் இன்னும் ஒரு விரற்கடை கூட்டி வைக்கச் சொன்னாள். கூட்டினேன்.

படகு எரிக்க வேண்டிய படகு அல்ல. இதை நான் சாகும் வரை சொல்வேன். மின்சாரமும் வராது. சமுலியிடம் சொல், பழி வாங்குகிற ஆளாக இருந்தால் கைப்பிடிக்கு உப்புத்தாள் தேய்த்திருக்கமாட்டேன்.

தொட்டியைப் பற்றிக் கேட்டாய். அது மூடிய தொட்டி, ஏரிக்கு ஒரு சொட்டும் போகாது. பின்கதவைத் திறந்து இழுத்து மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டி, கழுவி, மரத்தூள் போட்டு வைக்க வேண்டும். மின்னாவால் ஆகாது. முடிந்தாலும் அவள் செய்யக் கூடாது. சமுலியும் வேண்டாம். அதற்கு யாரும் உன்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. நீ சுவரைப் பார்க்கவும் வேண்டியதில்லை.

நீ இருக்கும்போது நான் வரமாட்டேன் என்று எழுதியிருந்தேன். அதை மாற்றவில்லை. ஆனால் சனிக்கிழமை தோறும் காலையில் வருவேன். பின்பக்கமாக வந்து பின்பக்கமாகப் போவேன். சமாதானம் பேச அல்ல, தொட்டியை எடுக்க.

காபி வைக்காதே. வைத்தால், பால் கலக்காமல் வை.

ஓர்வோ